உப்பந்திட்டுக் கஞ்சி

ஸ்ரீ:

திருப்பதி
9 மார்ச் 2025

சௌபாக்கியவதி யதுகிரிக்கு,

நீ சித்தூருக்கு உன் அண்ணா அகத்துக்குப் போனதிலிருந்து போனில் பேசினாலே இரண்டாவது வார்த்தையில் நான் கத்திவிடுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் எழுதினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. காகிதத்தில் எழுதினால் கத்த முடியாது என்று எழுதுகிறேன்.

நேற்று கௌசிகா ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, உப்பந்திட்டு எப்படி இருந்ததுன்னு நீ சொல்லவே இல்லையே? அம்மா சொர்க்கம்னா. என் ஃபிரெண்ட்ஸோட லீவுக்குப் போலாமா?" என்று கேட்டாள். நம் இருபதாவது கல்யாண நாளுக்கென்று குழந்தை ஆசையாக ஏற்பாடு செய்த இடம். அவளிடம் என்ன சொல்வது? "நன்னாத்தான் இருந்தது. நீ போகவேண்டாம்" என்றேன். "இது என்னப்பா பதில்?" என்று சிரித்தாள். உன்னோடு சேர்ந்து அவளும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆயிற்று.

அதை எப்படி நீ சொர்க்கம் என்றாய்? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மணல். குடிக்கிற தண்ணீரைப் படகில் கேனில் கொண்டுவருகிறார்கள், அதிலும் டீசல் வாடை. நிழலுக்கு ஒரு மரம் உண்டா? கருவேல முள்தான். காற்று, காற்று என்கிறாயே, அது காற்றா? நிற்காமல் முகத்தில் மணலை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தது. காதில் மணல், பல்லில் மணல், பூணூல் முடிச்சில் மணல். காட்டேஜ் என்று சொன்ன ஓலைக் கொட்டகையில் படுக்கை விரிப்பு நறநறவென்றது. வாசலிலேயே கருவாடு காய்கிறது. அதன்மேல் உட்கார்ந்த ஈதான் பறந்துவந்து என் உதட்டில் உட்கார்ந்தது. கடற்கரையில் வயிறு வெடித்துச் செத்த மீனை ஒரு நாய் இழுத்துக்கொண்டு போயிற்று. நடைபோகிறவர்கள் அதைத் தாண்டிப் போய் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

படகில் திரும்பி வரும்போது நீ என்னிடம் சொன்னதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த வார்த்தை காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குழந்தையிடம் அந்த இடம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு.

சம்பத்குமார்

*

மிட்டூர், சித்தூர்
15 மார்ச் 2025

கௌசி அப்பாவுக்கு நமஸ்காரம்.

சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. "அங்கே எனக்குக் கால் காய்ந்தது" என்று சொன்னேன். குழந்தை அதைச் சொர்க்கம் என்று புரிந்துகொண்டாள். தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

உங்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கவனித்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் தலைக்குக் குளித்து, மடிக்காக ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு, அடுப்படியில் ஈரத் தரையில் நின்று தளிகை பண்ணுகிறேன். என் கால்விரல் இடுக்குகளில் எப்போதும் சேற்றுப்புண். மஞ்சள் வைப்பேன், ஆறும், மறுபடி வரும். உப்பந்திட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுட்ட மணலில் நடந்தேன். இரண்டே நாளில் புண் பொருக்குத் தட்டி உதிர்ந்தது. துவைத்த புடவையை முள்ளில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து மொறமொறவென்று நின்றது. வேர்வை இல்லை, கொசு இல்லை. என்னை நிறுத்தி, எந்த அகத்து மாட்டுப்பெண் என்று கேட்க ஒருவரும் இல்லை. ஏரிப் பக்கம் அந்தச் சிவப்புக் கால் நாரைகள் நின்றிருந்தனவே, நீங்கள் திரும்பியாவது பார்த்தீர்களா?

நாற்றம் இருந்தது. நான் மூக்கில்லாதவள் இல்லை. செத்த மீனையும் பார்த்தேன். அது அதன் பாட்டுக்கு நாறியது. என்னை ஒன்றும் செய்யவில்லை.

நீங்கள் எழுதமாட்டேன் என்றதை நான் எழுதிவிடுகிறேன். கடற்கரையில் நீங்கள் சுருண்டு விழுந்தபோது, கன்னியம்மாள் என்கிற மீன்காரப் பெண்மணியின் குடிசையிலிருந்து அவள் சட்டிக் கஞ்சியை வாங்கி உங்கள் வாயில் ஊற்றினேன். அதைத்தான் படகில் சொன்னேன். படகு விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்தீர்கள். சரி, அது உடம்பு.

அகத்துக்கு வந்தபிறகு நடந்தது உடம்பு இல்லை. நான் நீட்டிய காபி டம்ளரைக் கையில் வாங்காமல் மேடையில் வைக்கச் சொன்னீர்கள். நான் அந்தண்டை போனதும் புளி போட்டு அதைத் தேய்த்தீர்கள். பிறகு தனி அடுப்பு. பிறகு, நான் இலை போட வந்தபோது, "கிட்ட வராதே. உன் கை நாறறது" என்றீர்கள்.

எனக்கும் அருவருப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தீவில் எனக்கு அது வரவில்லை. நம் சமையலறையில் வந்தது.

யதுகிரி

*

ஸ்ரீ:

திருப்பதி
22 மார்ச் 2025

யதுகிரிக்கு,

எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய்! "சட்டிக் கஞ்சி." அந்தச் சட்டியில் அதற்கு முன் என்ன கொதித்தது என்று நினைக்காமல் எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நான் யார் என்பதை மறந்துவிட்டாயா? நம் தெருக் கோயில் மடப்பள்ளியில் என் அப்பா நின்ற அடுப்பின்முன் நான் நிற்கிறேன். பெருமாளுக்குப் போகிற பொங்கலைக் கிண்டும்போது மூச்சுக்கூடப் படாமல் இருக்க வாயில் துணி கட்டுகிறவன். திரும்பி வந்த நாளிலிருந்து நான் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அகத்திலேயே கிடக்கிறேன். எதிரகத்து அலர்மேல் மாமி தினமும் கேட்கிறாள், "யதுகிரி எப்போ வருவா? உங்களுக்கு என்ன உடம்பு?" என்று. என்ன சொல்வேன்? தொண்டைக்குக் கீழே மீன் இருக்கிறது என்றா?

துளசி மென்றேன். பஞ்சகவ்யம் சாப்பிட்டேன். வாயை எத்தனை முறை கொப்பளித்தேன் என்று கணக்கில்லை. ஒரு வாய் சாதத்தை உருட்டினால் அந்த வழவழப்பு நாக்கில் திரும்பவும் வருகிறது. நானே வடித்த சாதம், நானே தோய்த்த தயிர், அதிலும் வருகிறது. தட்டோடு கொண்டுபோய்ப் பசுமாட்டுக்குக் கொட்டுகிறேன்.

உனக்கு அந்தத் தீவு ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அங்கே எதற்கும் வரம்பு இல்லை. சாப்பிடுகிற இடம், தூங்குகிற இடம், மீன் அறுக்கிற இடம் எல்லாம் ஒன்று. காற்று எல்லாவற்றையும் கலந்துவிடுகிறது. அதற்குப் பெயர் விடுமுறை என்றால் எனக்கு வேண்டாம்.

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். காட்டேஜுக்கு ஓடிப்போய் நம் கல்கண்டு டப்பாவை எடுத்து வந்திருக்கலாம். என்னைக் கேட்டிருந்தால் பிராணன் போனாலும் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தே செய்தாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீயும் அதைக் குடித்தாயா?

சம்பத்குமார்

*

சித்தூர்
30 மார்ச் 2025

கௌசி அப்பாவுக்கு,

இன்று யுகாதி. வரலட்சுமி மன்னி வேப்பம்பூப் பச்சடி பண்ணி எனக்கும் கொடுத்தாள். அண்ணா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று இதுவரை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குடித்தேன். சூடு பார்க்க முதல் வாய் நான்தான் குடித்தேன். இப்போது நடந்ததை முழுவதும் கேளுங்கள். உங்களுக்கு நினைவு இருந்திருக்காது.

நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் மணலும் எறும்பும் ஏறிவிட்டது என்று அன்று காலையில் காக்கைக்குப் போட்டுவிட்டீர்கள். கொண்டுபோன மின்னடுப்புக்குக் கரண்ட் வரவில்லை. "அவா பாத்திரத்தில் பண்ணினதைத் தொடமாட்டேன்" என்று காட்டேஜ்காரர் கொடுத்த வாழைப்பழத்தைக்கூட மறுத்தீர்கள். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டீர்கள். வேண்டாம் என்றேன். "மாத்திரைக்கும் விரதத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றீர்கள். வெயிலில் கடற்கரைக்கு நடந்தோம். காட்டேஜ் கண்ணுக்குத் தெரியாத தூரம் வந்தபிறகு கை நடுங்குகிறது என்றீர்கள். பேச்சு குழறியது. வேர்த்துக் கொட்டியது. அந்தக் காற்றில் யாருக்கு வேர்க்கும்? சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மணலில் உட்கார்ந்தீர்கள், அப்படியே சாய்ந்தீர்கள்.

பக்கத்தில் இருந்தது அந்த ஒரு குடிசைதான். கன்னியம்மாள் வலை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தித்திப்பு இருக்கா? சர்க்கரை, வெல்லம், எதுவானாலும்!" என்று கத்தினேன்.

அவள் எழுந்து ஓடி வந்தாள். உங்களையும் என் மடிசாரையும் பார்த்துவிட்டு நின்றாள். "வெல்லம் கீதும்மா. காலையில காச்சின கஞ்சியும் கீது. ஆனா மீன் கொழம்பு வெச்ச அடுப்பு, அதே சட்டிதான். நீங்க அய்யமாருங்க. இவுரு துன்னுவாரா?"

"குடுங்கோ" என்றேன்.

"அப்பால எங்கள வந்து யாரும் ஏசக் கூடாது."

"நான் கேட்டு வாங்கிக்கறேன். குடுங்கோ, சீக்கிரம்!"

வெல்லத்தை அவள் கையாலேயே நசுக்கிக் கரைத்தாள். உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் பல்லைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருபது வருஷத்தில் உங்கள் பேரை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். "சம்பத், முழுங்குங்கோ" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தது.

கரைக்கு வந்ததும் காட்டிய சூளூர்ப்பேட்டை டாக்டர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்ததே. "நல்ல வேளை, உள்ளே ஏதோ போயிருக்கிறது" என்றார். என்ன போயிற்று என்று அவர் கேட்கவில்லை.

பிராணன் போகட்டும் என்று சொல்லியிருப்பேன் என்று எழுதுகிறீர்கள். அது உங்கள் பிராணன் மட்டும் இல்லை. அதை நான் கௌசிகாவுக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். எந்த வார்த்தையில் சொல்வது? அப்பாவுக்குக் கஞ்சி கிடைத்தது, நான் வாங்கவில்லை என்றா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கஞ்சி நன்றாக இருந்தது.

யதுகிரி

*

ஸ்ரீ:

திருப்பதி
13 ஏப்ரல் 2025

யதுகிரிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை.

கோயில் பட்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை வெளியே போகச் சொல்வார், தெருவே கூடும் என்றெல்லாம் பயந்திருந்தேன். அவர் விசிறிக்கொண்டே கேட்டார். "நினைவு இல்லாதபோது நடந்ததா? மருந்துன்னு வெச்சுக்கோயேன். பூணூல் மாத்திண்டு, ஒரு ஹோமம் பண்ணிட்டு, நாளையிலிருந்து வந்துடு. புளியோதரைக்கு ஆள் இல்லாம திண்டாடறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரே காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. நான் சுத்தமாகிவிட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.

உள்ளே போனேன். பொங்கலுக்கு நெய் ஊற்றும்போது வந்தது. முதலில் கருவாடு என்று நினைத்தேன். மடப்பள்ளியில் கருவாடு ஏது? கரண்டியை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பட்டர் சுத்தம் என்று சொன்ன பிறகும் ஏன் நாறுகிறது? எங்கிருந்து நாறுகிறது? என் வேட்டியை, துண்டை, உள்ளங்கையை முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன். நாய் மாதிரி ஆகிவிட்டேன்.

உன் கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தாய். கன்னியம்மாள் என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய், எல்லாம். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நான் விழுந்தபோது பஞ்சகச்சம் கட்டியிருந்தேன். கண் விழித்து எழுந்தபோது இடுப்பில் ஒரு கட்டம்போட்ட கைலி இருந்தது. படகு ஏறும்போது என் வேட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு உன் கையில் இருந்தது. நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். யார் மாற்றினார்கள்? அவளா?

பதில் எழுது. எழுதாவிட்டாலும் சரிதான். இல்லை, எழுது.

சம்பத்குமார்

*

சித்தூர்
20 ஏப்ரல் 2025

கௌசி அப்பாவுக்கு,

நீங்கள் இதைக் கேட்கமாட்டீர்கள், கேட்காமலே போய்விடும் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டதால் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை சொல்வேன். பிறகு இதைப் பற்றி நாம் இருவரும் பேசவேண்டாம்.

கஞ்சி உள்ளே போவதற்கு முன்னால், மயக்கத்தில், உங்களுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும்தான். மணலில் ஈ மொய்த்தது.

கஞ்சி உள்ளே போனபிறகு, நீங்கள் கண் திறப்பதற்குள், கன்னியம்மாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். படகில் வந்த தண்ணீர், அவர்கள் குடிப்பதற்கென்று வைத்திருந்தது. "எங்க ஊட்டுக்காரரு கைலி கீதும்மா, தொவச்சது" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன் புடவைத் தலைப்பைப் பிரித்துக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றாள். தண்ணீர் தீர்ந்ததா என்று கேட்பதற்குக்கூடத் திரும்பவில்லை.

துடைத்துக் கழுவியது நான். என் கையால்தான். வேறு யாரும் உங்களைத் தொடவில்லை.

எனக்கு அப்போது அருவருப்பாக இருந்ததா என்று நீங்கள் யோசிப்பீர்கள். இருந்தது. நாற்றம் நாற்றம்தான். குமட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். செய்து முடித்துவிட்டுக் கையை மணலில் தேய்த்துக் கழுவினேன், அதோடு போய்விட்டது. கௌசிகா குழந்தையாக இருந்தபோது போனது போலப் போய்விட்டது.

முந்தின கடிதத்தில் எழுதாததற்குக் காரணம் அண்ணாவோ மன்னியோ தப்பித்தவறிப் படித்துவிடக் கூடாது என்பதுதான். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

யதுகிரி

*

திருப்பதி
4 மே 2025

யதுகிரி,

அடுப்பில் போட்டுவிட்டேன். பல நாள் எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். மேலே ஸ்ரீ: போடக்கூடக் கை வரவில்லை. இது அதற்கான கடிதம் இல்லை.

எனக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. உனக்குத் தெரியும். தெருவில் நடந்தால் யார் நிழலும் படாமல் ஒதுங்கி நடப்பேன். ஷேர் ஆட்டோவில் ஏறமாட்டேன். திருச்சானூருக்குக்கூட நடந்தே போவேன். காய்ச்சலில்கூடக் குளிக்காமல் ஒரு வாய் தீர்த்தம் குடித்தவன் இல்லை. இந்த உடம்பை நான் கோயில் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன். அது ஊர்பேர் தெரியாத ஒருத்தி வாசலில் மணலில் கிடந்து நாறியிருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய்.

கண் விழித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கைலியைப் பார்த்தேன். என் மேலேயே அந்த வாடை இருந்தது. உடனே கண்ணை மூடிக்கொண்டேன். இன்னும் மயக்கம் என்று நீ நினைத்தாய். மயக்கம் இல்லை. நீ கஞ்சி என்று படகில் சொன்னதும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது. வாந்தி எடுத்தேன். எல்லா நாற்றத்தையும் அந்தக் கஞ்சிமேல் போட்டேன், மீன்மேல் போட்டேன், தீவின்மேல் போட்டேன். பிறகு உன்மேல்.

உன் கை நாறுகிறது என்று நான் சொன்னபோது, அது எந்தக் கை என்று எனக்குத் தெரியாது. வேறு யாரோ, அவளோ, அவள் வீட்டு ஆளோ செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கை என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா? அதுவும் தெரியவில்லை. இன்னும் கேவலமாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தப் புளி தேய்த்த டம்ளரை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே குமட்டுகிறது.

மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குப் பழக்கம் இல்லை. இருபது வருஷத்தில் எழுதியதில்லை, சொன்னதும் இல்லை. எழுதிவிட்டேன்.

மடப்பள்ளிக்குப் போகிறேன். மடப்பள்ளியில் இப்போது அந்த வாடை வருவதில்லை. அகத்தில் வருகிறது. தனி அடுப்பை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டேன்.

நீ வருவாயா?

சம்பத்குமார்

*

சித்தூர்
10 மே 2025

கௌசி அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மாடியில் உட்கார்ந்து படித்தேன். இங்கே மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது. கூழ் ஆலைப் பக்கமிருந்து அழுகின மாம்பழ வாடை ஊர் முழுக்க அடிக்கிறது. மன்னி ஜன்னலைச் சாத்திக்கொண்டே இருக்கிறாள். கீழே வந்து, "நான் திருப்பதிக்குப் போகப்போறேன்" என்று அண்ணாவிடம் சொன்னேன். "அவர் வந்து அழைச்சிண்டு போகட்டும்" என்றான். முதல்முறையாக வாய் திறந்தான்.

அதனால் நீங்கள் வாருங்கள். ஆனால் அதற்கு முன் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் அந்தப் புளி தேய்க்கிற சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. அகத்துக்குள் நுழைந்ததும் அது மறுபடி கேட்கும். நான் முகத்தைச் சுளிப்பேன். அப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். போகிறபோது போகும்.

இனி ஈரப் புடவையோடு நான் அடுப்படியில் நிற்கமாட்டேன். குளித்துவிட்டு, காய்ந்த புடவை உடுத்தி, காய்ந்த தரையில் நின்று தளிகை பண்ணுவேன். கோயிலுக்கு எது மடியோ அது உங்களோடு இருக்கட்டும். அகத்துக்கு இதுதான். அலர்மேல் மாமி கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டால் சாப்பிட்டாக வேண்டும், யார் பாத்திரமாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. வருகிற தை, மாசியில் நான் உப்பந்திட்டுக்குப் போகிறேன். கௌசிகாவும் வருகிறாளாம். அந்தத் தீவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று உங்களுக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. அங்கே காய்ந்த காற்றில் நான் நின்றுகொண்டிருந்தால் போதும். கன்னியம்மாளைப் பார்க்க வேண்டும். அவர்கள் குடிக்கிற தண்ணீரை நான் ஒரு குடம் கொட்டித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் முகம் சுளிக்கவில்லை. திரும்பி நின்றதால் சுளித்தாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை. அதையும் கேட்க வேண்டும்.

நீங்கள் வரவேண்டும் என்று சொல்லமாட்டேன். வராதீர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

யதுகிரி

*

ஸ்ரீ:

திருப்பதி
16 மே 2025

யதுகிரிக்கு,

24ஆம் தேதி சனிக்கிழமை கோயில் வேலை முடிந்ததும் பஸ் ஏறி வருகிறேன். உன் அண்ணா கோவர்த்தனனிடம் சொல்லிவை. வரலட்சுமி மன்னி எனக்கென்று தனியாக எதுவும் சிரமப்பட வேண்டாம். நீ என்ன பண்ணி வைக்கிறாயோ அதைச் சாப்பிடுகிறேன். மாத்திரையும் கொண்டுவருகிறேன்.

அடுப்படித் தரையை நேற்று முழுவதும் துடைத்துக் காயவிட்டேன். ஜன்னலில் கட்டியிருந்த தகரத்தைப் பிரித்துவிட்டேன். கொஞ்சம் காற்று வருகிறது. அலர்மேல் மாமி எட்டிப் பார்த்து, "என்ன, ஜன்னலைத் தொறந்துட்டேள்? எல்லாம் உள்ளே தெரியறதே" என்றாள். "தெரியட்டும் மாமி" என்றேன். போய்விட்டாள்.

கௌசிகா நேற்றும் கூப்பிட்டாள். அந்தக் காட்டேஜ்காரர்கள் மதிப்பெண் கேட்கிறார்களாம். "அம்மா அஞ்சு ஸ்டார் போடச் சொன்னா. நீ எவ்வளவு?" என்றாள். "ஒண்ணு" என்றேன். "அப்பா!" என்றாள். பொய் சொல்லமுடியாது, யதுகிரி. நீ என்ன எழுதினாலும், அது அருவருப்பான இடம். மணல், ஈ, கருவாடு, டீசல் தண்ணீர். ஒருவன் விடுமுறைக்குப் போகிற இடமா அது? உனக்குக் கால் காய்ந்தது, சந்தோஷம். எனக்கு இப்போதும் அந்தப் பெயரைச் சொன்னால் தொண்டையில் ஏறி நிற்கிறது. இந்த ஜன்மத்தில் நான் அந்தத் திட்டில் கால் வைக்கப்போவதில்லை. கன்னியம்மாளிடம் நான் சொல்லவேண்டியதை நீயே சொல்லிவிடு. என்ன சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் ஏரிக்கரைப் படகுத்துறை வரை வருகிறேன். அங்கே டீக்கடைப் பக்கத்தில் ஒரு புங்கமரம் நிற்கிறது. என் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அதன் அடியில் உட்கார்ந்திருப்பேன். நீயும் குழந்தையும் போய், இருக்க வேண்டிய மட்டும் இருந்துவிட்டு வாருங்கள். படகு வந்து ஒட்டும்போது உன் கையைப் பிடித்து நான்தான் இறக்குவேன். மீன் வாடை அடித்தால் அடிக்கட்டும். மூக்கைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னொரு கை இருக்கிறது.

சம்பத்